ஒரு வக்கீல் செய்த பாட்டரி

1800-ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலியிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதத்தின் முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது. எழுதியவர் அலெஸாண்ட்ரோ வோல்டா. பெற்றவர் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ். ஐரோப்பா முழுக்கப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கடிதம் இரண்டு தவணையாகக் கிளம்பியிருந்தது. வந்த பாதியில் ஒரு செய்முறை இருந்தது. வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினால், அடுக்கின் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் தொடர்ந்து வரும். உலகின் முதல் பாட்டரி அது. மீதிப் பக்கங்கள் வந்த பிறகுதான் சபையில் முறைப்படி வாசிக்க முடியும். அதுவரை பேங்க்ஸால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, தெரிந்தவர்களுக்குக் காட்டிவிட்டார். அவர்களில் ஒருவர் ஆண்டனி கார்லைல் என்ற அறுவை மருத்துவர். மறுபாதி வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அவருக்கும் இல்லை.

வில்லியம் நிக்கல்சன் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார் கார்லைல். வெள்ளித் தகட்டுக்குப் பதிலாகப் புழக்கத்தில் இருந்த அரை கிரவுன் நாணயங்கள் 17 கிடைத்தன. அதே எண்ணிக்கையில் துத்தநாகத் துண்டுகள், இடையிடையே நனைத்த அட்டை. அடுக்கு தயார். ஆனால் மேல்தகட்டில் கம்பி சரியாகப் பதியவில்லை. தொடர்பு நன்றாக இருக்கட்டும் என்று கம்பி தொடும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அந்தச் சொட்டுக்குள், கம்பியை ஒட்டி, பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. முகர்ந்து பார்த்த நிக்கல்சன், இது ஹைட்ரஜன் என்றார். சுத்தமான ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. ஆனால் அன்றைய ஆய்வுக்கூடங்களில் இரும்பையும் அமிலத்தையும் கலந்து எடுத்த ஹைட்ரஜனில் ஒரு நெடி இருக்கும். அவர் மூக்குக்குப் பழக்கமானது அதுதான். மூக்கு சொன்னது சரிதானா என்று பார்க்க, மே 2-ஆம் தேதி ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளிலும் பித்தளைக் கம்பியைச் செருகினார்கள்.

ஒரு கம்பியில் குமிழிகள் வந்தன. மறு கம்பி கறுத்து அரித்துப்போனது. பித்தளையை எடுத்துவிட்டுப் பிளாட்டினம் போட்டதும் இரண்டு பக்கமும் வாயு வந்தது. ஒன்றில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்ஸிஜன். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக 1766-இலேயே அடையாளம் காட்டியிருந்தார் ஹென்றி கேவண்டிஷ். அதை எரித்தால் தண்ணீர் கிடைக்கிறது என்பதும் 1780-களில் தெளிவாகியிருந்தது. இப்போது, தொடர்பு சரியில்லாத ஒரு கம்பியின் புண்ணியத்தில், அதே தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கவும் வழி கிடைத்துவிட்டது. அப்படியானால், பிரிந்த இரண்டையும் மறுபடி சேர்த்தால் கொடுத்த மின்சாரம் திரும்பக் கிடைக்குமா? அதைச் செய்து காட்ட ஒரு வக்கீல் வரவேண்டியிருந்தது.

வில்லியம் ராபர்ட் குரோவ் 1811-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் பிறந்தவர். 1835-இல் வக்கீலாகப் பதிவுசெய்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகமுடியாத நாட்களில் அமிலமும் பிளாட்டினமுமாக வீட்டில் பொழுதைக் கழித்தார். 1839 தொடக்கத்தில், தன்னுடைய ஒரு கட்டுரைக்குப் பின்குறிப்பாகச் சில வரிகள் சேர்த்தார். நீர்த்த கந்தக அமிலத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் ஹைட்ரஜன், மற்றதில் ஆக்ஸிஜன். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாட்டினத் தகடு, பாதி வாயுவிலும் பாதி அமிலத்திலும் இருக்கும்படி. இரண்டு தகடுகளையும் கம்பியால் இணைத்தபோது மின்மானியின் முள் விலகியது, விலகியபடியே நின்றது. வாயுக்கள் மெல்லக் குறைந்தன. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தரவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் பாசெல் நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டியன் ஷோன்பைனும் இதே விளைவைப் பற்றி எழுதியிருந்தார். யார் முந்தி என்று சண்டை வந்திருக்கவேண்டும். அந்த இருவரும் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

குரோவ் அதோடு விடவில்லை. 1842-இல் ஐம்பது ஜோடிக் குழாய்களை வரிசையாக இணைத்தார். ஐந்து பேர் கைகோத்து நின்றபோது ஐவருக்கும் அதிர்ச்சி தெரிந்தது. ஒருவர் மட்டும் தொட்டால் வலித்தது. அதே மின்சாரத்தைக் கொண்டு இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரைப் பிரித்தும் காட்டினார். தண்ணீர் உருவாகும்போது கிடைத்த மின்சாரம், வேறு தண்ணீரைப் பிரித்தது! இந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் காஸ் பாட்டரி. ஆனால் கூர்ந்து பார்த்தபோது ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. தகடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேலை நடந்தது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான். வாயு, அமிலம், பிளாட்டினம் மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. மற்ற இடமெல்லாம் சும்மா கிடந்தது. அந்தக் கோட்டை எப்படி அகலமாக்குவது? அதற்கு அவரிடம் விடை இல்லை. குடும்பம் வளர்ந்தது, வருமானம் போதவில்லை. மறுபடி கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். 1856-இல் இங்கிலாந்தையே உலுக்கிய வில்லியம் பாமரின் விஷக்கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல்களில் ஒருவராக நின்றார்; 1871-இல் நீதிபதியானார். காஸ் பாட்டரி அலமாரியில் தங்கிவிட்டது.

அதை அலமாரியிலேயே வைத்துப் பூட்டியது டைனமோ. 1866, 67-இல் அது வந்தது. கீழே நிலக்கரியை எரித்து நீராவி எஞ்சினை ஓட்டினால் மேலே மின்சாரம் கொட்டியது. நிலக்கரி மலிவு, பிளாட்டினம் ஆனை விலை. 1889-இல் லுட்விக் மாண்ட் என்ற பெரும் ரசாயன முதலாளியும் அவருடைய உதவியாளர் கார்ல் லாங்கரும் குரோவின் கருவியைத் தூசி தட்டி எடுத்தார்கள். அமிலத்தில் ஊறிய நுண்துளைத் தட்டின் இருபுறமும் மெல்லிய பிளாட்டினத் தகடு. குழாயில் இருந்த கோடு இப்போது பரப்பாக விரிந்தது. மின்சாரமும் நன்றாகவே வந்தது. ஆனால் அவர்களுக்கு ஹைட்ரஜன் கிடைத்தது நிலக்கரியிலிருந்து. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கார்பன் மோனாக்ஸைடு பிளாட்டினத்தின்மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்தது. போட்ட பிளாட்டினத்தின் விலைக்கு எந்தக் கணக்கும் கட்டுப்படியாகவில்லை. மாண்ட் வேறு தொழிலைப் பார்க்கப் போனார்.

கதையின் மறுபாதி, அதாவது தண்ணீரைப் பிரிக்கும் வேலை, இதற்குள் நார்வேயில் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. ருயுகான் பள்ளத்தாக்கில் விழும் அருவியின் நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்தது. வேமார்க் என்ற இடத்தில் 1929-இல் அந்த மின்சாரத்தையே கொண்டு தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியாவும் உரமும் செய்யத் தொடங்கினார்கள். புகை இல்லை, கரி இல்லை. இன்று பச்சை ஹைட்ரஜன் என்று மாநாடு போட்டுப் பேசுவது அங்கே ஓசையில்லாமல் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த ஆலையின் துணைப்பொருளான கனநீருக்காக ஜெர்மானியர்கள் அதைப் பிடித்ததும், 1943 பிப்ரவரியில் நார்வேக் கமாண்டோக்கள் உள்ளே புகுந்து வெடிவைத்ததும் சினிமாவாகவே வந்துவிட்டன. வெடியால் முடியாததைப் பின்னாளில் விலை செய்தது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது மிக மலிவானதும், 1971-இல் வேமார்க் ஹைட்ரஜன் ஆலை மூடப்பட்டது.

இங்கிலாந்தில் 1932-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை இன்னொருவரின் தலையெழுத்தை மாற்றியது. ஃபிரான்ஸிஸ் தாமஸ் பேக்கன், நியூகாஸிலில் நீராவி டர்பைன் செய்யும் பார்ஸன்ஸ் கம்பெனியில் எஞ்சினியர். 'எஞ்சினியரிங்' இதழில் ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின் பற்றிப் படித்தார். எரித்தால் வெப்பம் வரும், வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகும். எரிக்காமலேயே மின்சாரம் எடுக்கலாமே என்று தோன்றியது. தேடிப்போனால் நூறு வருஷத்துக்கு முந்தைய குரோவ் அங்கே காத்துக்கொண்டிருந்தார். 1937-இல் கம்பெனிக்கு ஒரு யோசனை எழுதிக்கொடுத்தார். அதே ஆண்டு மே 6-ஆம் தேதி, அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில், ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் தரையிறங்கும்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். ஹைட்ரஜன் என்ற பெயரைச் சொன்னாலே உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்ட வேளை அது. டர்பைன் கம்பெனிக்கு டர்பைனை இல்லாமலாக்கும் யோசனை பிடிக்கவும் காரணமில்லை. பேக்கன் ரகசியமாகச் சோதனை செய்யத் தொடங்கினார். கையும் களவுமாகப் பிடிபட்டார்.

சோதனையை நிறுத்து, இல்லையென்றால் வேலையை விடு என்றது நிர்வாகம். பேக்கன் வேலையை விட்டார். குடும்பச் சொத்து இருந்தது அவருக்குத் துணிவு தந்தது. 1940-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஒரு மூலை கிடைத்தது. போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்கு இது உதவலாம் என்ற ஆசையும் சிலருக்கு இருந்தது. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ். பிளாட்டினத்தையும் அமிலத்தையும் தூக்கிப்போட்டார். நிக்கல் உலோகமும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்ற காரமும் போதும் என்றார். அதற்கு ஏறக்குறைய 200 டிகிரி வெப்பமும் வளிமண்டலத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன. குரோவை விரட்டிய அந்த மெல்லிய கோட்டுக்கு அவர் கண்ட தீர்வு அழகானது. நிக்கல் பொடியை அழுத்திச் சுட்டு, நுண்துளைகள் நிறைந்த தகடாக்கினார். வாயு இருக்கும் பக்கம் பெரிய துளைகள், திரவம் இருக்கும் பக்கம் சிறிய துளைகள். வாயுவுக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் கொடுத்தால், பெரிய துளைகளிலிருந்து திரவம் வெளியேறிவிடும். சிறிய துளைகளில் அது பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில், தகட்டின் உள்ளே லட்சக்கணக்கான இடங்களில், வாயுவும் திரவமும் உலோகமும் சந்தித்தன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டில்தான் காஸ் பாட்டரி வேடிக்கைப் பொருளிலிருந்து எஞ்சினாக மாறியது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஆக்ஸிஜன் பக்கத்துத் தகடு துருப்பிடித்துப் பொடிந்து விழத் தொடங்கியது.

அந்த முட்டுக்கட்டை பேக்கனின் குழுவை வெகுகாலம் திணறடித்தது. கடைசியில் தகட்டை லித்தியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் ஊறவைத்துச் சூடாக்கினார்கள். மேலே படர்ந்த கறுப்பு ஆக்ஸைடு துருவைத் தடுத்தது, மின்சாரத்தையும் கடத்தியது. 1959 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் இத்தகைய 40 தகட்டு ஜோடிகள், அதாவது கலங்கள், கொண்ட அடுக்கு வட்ட ரம்பத்தைச் சுழற்றியது, வெல்டிங் செய்தது, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டியது. ஐந்து கிலோவாட். பேக்கன் வேலையை விட்டு ஏறக்குறைய இருபது வருஷம் ஓடியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஆலிஸ்-சாமர்ஸ் கம்பெனியில் ஹாரி இரிக் 1,008 கலங்களை ஒரு டிராக்டரில் ஏற்றி வயலை உழுது காட்டினார். கைதட்டல் கிடைத்தது. பிரிட்டனில் பணம் போட ஒரு முதலாளியும் முன்வரவில்லை. பெட்ரோல் அவ்வளவு மலிவாக இருந்தது.

விலையைப் பற்றிக் கவலைப்படாத ஒரு வாடிக்கையாளர் வந்தால்தான் உண்டு என்ற நிலை. வந்தார்; நிலாவுக்குப் போகவேண்டும் என்றார். 1961 மே மாதம் கென்னடி அறிவித்ததும் நாசாவுக்கு ஒரு தலைவலி பிறந்தது. விண்கலத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வேண்டும். அவ்வளவுக்குச் சாதாரண பாட்டரி ஏற்றினால் எடை தாங்காது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எடை குறைவு; சேர்ந்தால் வருவது தண்ணீர், அதை வீரர்கள் குடிக்கலாம். பேக்கனின் உரிமங்களை வாங்கிவைத்திருந்த பிராட் அண்ட் விட்னி கம்பெனிக்கு அப்போலோ ஒப்பந்தம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஜெமினி விண்கலங்களுக்கு வேறொரு வகை தேர்வானது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தாமஸ் கிரப் 1955-இல் அமிலத் தொட்டியையே நீக்கிவிட்டு, பிளாஸ்டிக் போன்ற ஒரு மென்சவ்வை நடுவில் வைத்திருந்தார். 1958-இல் லியனார்ட் நீட்ராக் அதன்மேலேயே பிளாட்டினத்தைப் படியவைத்தார். ஒழுகத் திரவமே இல்லாத கலம். 1965 ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஜெமினி 5 அதை ஏந்திக்கொண்டு கிளம்பியது. சில மணிநேரத்தில் ஆக்ஸிஜன் தொட்டியின் அழுத்தம் சரியத் தொடங்கியது.

தொட்டியைச் சூடாக்கும் சாதனம் பழுதாகியிருந்தது. சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டாக இருந்த அழுத்தம் சுமார் 70 வரை இறங்கியது. கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். திரும்பி வரச்சொல்லலாமா என்று தரையில் யோசித்தார்கள். ஆனால் அழுத்தம் அந்த அளவிலேயே நின்றது. அவ்வளவு குறைந்த அழுத்தத்திலும் கலம் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. எட்டு நாட்கள் பறந்து இருவரும் திரும்பினார்கள். 1969 ஜூலையில் அப்போலோ 11-இல் பேக்கன் வகைக் கலங்கள், அடுக்குக்கு 31 வீதம் மூன்று அடுக்குகள், நிலாவரை போய்வந்தன. மூன்று வீரர்களும் கையெழுத்திட்டு பேக்கனுக்குப் புகைப்படம் தந்தார்கள். தோளில் கைபோட்டு, நீங்கள் இல்லாமல் நிலாவுக்குப் போயிருக்க முடியாது என்று அமெரிக்க அதிபர் நிக்ஸன் சொன்னதைப் பேக்கன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடுத்த ஏப்ரலில் அதே வகைக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

1970 ஏப்ரல் 13, அப்போலோ 13. வெடித்தது ஆக்ஸிஜன் தொட்டி. கலங்களுக்குத் தீனி நின்றுபோனது. குற்றம் கலத்துடையது அல்ல. அந்தத் தொட்டி தொழிற்சாலையிலேயே ஒருமுறை ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்திருந்தது. ஏவுவதற்கு முன் சோதனையில் அதைக் காலிசெய்ய முடியவில்லை. சூடாக்கியைப் பலமணிநேரம் ஓடவிட்டு ஆக்ஸிஜனை வெளியேற்றினார்கள். 28 வோல்ட்டுக்காகச் செய்த வெப்பக்கட்டுப்பாட்டு ஸ்விட்ச்சில் 65 வோல்ட் பாய்ந்து அது ஒட்டிக்கொண்டது. சூடு எல்லைமீறி உள்ளே கம்பியின் உறை கருகியது. விண்வெளியில் பொறி பறந்தது. வீரர்கள் நிலா இறங்குகலத்தின் சாதாரண பாட்டரிகளை நம்பி உயிர் பிழைத்தார்கள். ஆனாலும் நாசா இந்தக் கருவியைக் கைவிடவில்லை. விண்ஓடங்களிலும் அதுதான் இருந்தது. பூமியில்தான் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1966-இல் ஒரு வேனில் அதைப் பொருத்திப் பார்த்தது. தொட்டிகளும் குழாய்களும் வேனை அடைத்துக்கொண்டன. ஆள் உட்கார முன்பக்கம்தான் மிஞ்சியது. கம்பெனி வளாகத்தைத் தாண்டி அதை வெளியே விடவே பயந்தார்கள்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதிகம் பேசப்படாதது. பக்ரா-நங்கல் நீர்மின்சாரத்தைக் கொண்டு 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபின் நங்கலில் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து உரம் செய்தார்கள். நாட்டின் முதல் கனநீர் ஆலையும் அங்கேதான் முளைத்தது. புதிய தேசத்தின் பெருமிதங்களில் ஒன்று அது. ஆனால் வீடுகளும் பம்புசெட்டுகளும் ஆலைகளும் மின்சாரம் கேட்டுக் கைநீட்டியபோது, உரத்துக்காக மின்சாரத்தைத் தண்ணீரில் விடுவது ஆடம்பரமாகிவிட்டது. நங்கலும் எண்ணெய்க்கு மாறியது. வேமார்க்கிலும் நங்கலிலும் ஒரே காரணம்தான். ஹைட்ரஜனில் எந்தக் குறையும் இல்லை. மின்சாரம்தான் அன்று விலை அதிகமான பொருளாக இருந்தது.

1973 எண்ணெய் நெருக்கடி பழைய ஆசையைக் கிளப்பியது. 1986-இல் எண்ணெய் விலை விழுந்ததும் ஆசையும் அடங்கியது. அந்த இடைவெளியில் கனடாவின் வான்கூவரில், ஜெஃப்ரி பல்லார்ட் என்ற புவி இயற்பியலாளரின் சிறு கம்பெனி லித்தியம் பாட்டரி செய்து தடுமாறிக்கொண்டிருந்தது. 1983-இல் கனடா ராணுவத் துறை ஒரு வேலை கொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கைகழுவிய அந்தச் சவ்வுக் கலத்தை மலிவாக்க முடியுமா? இதற்குள் டூபான்ட் கம்பெனியில் வால்தர் குரோட் கண்டுபிடித்த நேஃபியான் என்ற உறுதியான சவ்வு வந்திருந்தது. அது குளோரின் ஆலைகளில் பெரும் சந்தை கண்ட சவ்வு. அந்தச் சந்தை இருந்ததால் சவ்வுக் கலமும் பிழைத்தது. பிளாட்டினம்தான் மிச்சமிருந்த வில்லன். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1980-களில், பிளாட்டினத்தைக் கரித்தூளின்மேல் நுண்துகளாகத் தூவி, சவ்வின் கரைசலையே அதில் ஊற்றிப் பார்த்தார்கள். பத்தில் ஒரு பங்கு பிளாட்டினம் போதுமானதாக இருந்தது. 1993-இல் பல்லார்ட் கம்பெனி வான்கூவரில் ஒரு பேருந்தை ஓட்டிக் காட்டியது. உலகத்துக் கார் கம்பெனிகள் வரிசையில் நின்றன. 2004-க்குள் கடைக்கு வந்துவிடும் என்று நாள்கூடக் குறித்தார்கள்.

2004 வந்தது, கார்கள் வரவில்லை. வந்தது லித்தியம்-அயான் பாட்டரி. செல்போனுக்காகவும் லேப்டாப்புக்காகவும் மலிந்துகொண்டே போன அது, கார் சந்தையைக் கண்முன்னே எடுத்துக்கொண்டது. டொயோட்டா 2014 டிசம்பரில் மிராய் என்ற ஹைட்ரஜன் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 370 கலங்கள் கொண்ட அருமையான எஞ்சினுக்கு ஹைட்ரஜன் நிரப்பப் போதிய பங்க் இல்லை. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. தொட்டியின் ஒரு மூடியில் போல்ட்டுகளைச் சரியாக முடுக்காததுதான் காரணம். ஹிண்டன்பர்க்கின் நினைவு ஒரே இரவில் திரும்பி வந்தது. கதை இத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

முடியாமல் போனதற்கு ஹைட்ரஜன்காரர்கள் காரணமில்லை. சீனாவின் சோலார் பேனல் ஆலைகள்தான் காரணம். 2010-லிருந்து பத்தே ஆண்டுகளில் சூரிய மின்சாரத்தின் விலை 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்குக் கேட்டார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50, 55 யூனிட் மின்சாரம் ஆகும். வேமார்க்கையும் நங்கலையும் கொன்ற கணக்கு தலைகீழாகத் திரும்பத் தொடங்கியது. நண்பகலில் வாங்க ஆளில்லாமல் சூரிய மின்சாரத்தை வெட்டிவிடும் நிலை கலிஃபோர்னியாவில் வந்தது. காற்றும் வெயிலும் கூடிய நாட்களில் ஜெர்மனியில் மின்சார விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. மிஞ்சிய மின்சாரத்தை எதிலாவது சேர்த்துவைக்கவேண்டும். பாட்டரியில் சில மணிநேரம் வைக்கலாம். மாதக்கணக்கில் வைக்க, கப்பலில் ஏற்ற, இரும்பு உருக்க, உரம் செய்ய வேறு ஏதாவது வேண்டும்.

மற்ற காரணங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணுமின்சாரத்தை நம்பமுடியாத ஜப்பான் 2017-இல் ஹைட்ரஜனுக்கென்றே தேசியக் கொள்கை வகுத்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தம் கரியைக் குறைக்கச் சொன்னது. 2022-இல் உலகம் சுமார் 9.5 கோடி டன் ஹைட்ரஜன் உற்பத்தி செய்தது. ஏறக்குறைய எல்லாமே இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுத்தவை. சுத்தமானது ஒரு சதவீதம்கூட இல்லை என்ற உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஐரோப்பாவில் எரிவாயு விலை விண்ணுக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்கா கிலோவுக்கு 3 டாலர்வரை வரிச்சலுகை அறிவித்தது. 2023 ஜனவரியில் இந்தியா 19,744 கோடி ரூபாயில் தேசியப் பச்சை ஹைட்ரஜன் இயக்கத்தைத் தொடங்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. பின்னர் 2024, 25-இல் விலை இன்னும் இறங்கவில்லை, வாங்க ஆளில்லை என்று உலகெங்கும் பல திட்டங்கள் கைவிடப்பட்டதும் நடந்தது. எரிவாயு வழி ஹைட்ரஜன் இன்றும் மலிவுதான். அந்தப் பழைய எதிரி இன்னும் சாகவில்லை.

ரயிலிலும் அதே இழுபறி. 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில், மின்கம்பி இல்லாத கிளைப்பாதையில், டீசலுக்குப் பதில் ஹைட்ரஜனில் இரண்டு ரயில்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பின. கூரையில் தொட்டி, கூரையிலேயே கலங்கள். 2022-இல் அந்தப் பாதை முழுவதுமே ஹைட்ரஜனுக்கு மாறியது. அடுத்த ஆண்டே அதே மாநிலம், இனி வாங்கும் ரயில்களுக்குப் பாட்டரி சிக்கனம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னது. ஓட்டும் செலவு மறுபடி குறுக்கே நின்றது.

2024 புத்தாண்டன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் இஸ்ரோ ஒரு சிறு கல அடுக்கைச் சோதித்தது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அங்கே 180 வாட் தந்தன. 2025 ஜூலையில் சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஒரு ரயில் பெட்டி சோதனைக்கு நின்றது. டீசல் எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் தகடுகள் அடுக்கிய பெட்டிகள். ஒரு தகட்டில் ஹைட்ரஜன் பிளாட்டினத் துகளைத் தொட்டு இரண்டாக உடைந்தது. புரோட்டான் சவ்வைக் கடந்து போனது, எலெக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிப்போய் மோட்டாரைச் சுழற்றியது, மறுபக்கம் இரண்டும் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராயின. ஃப்யூயல் செல் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த பொருள். உள்ளே நடப்பது ஸ்வான்ஸி வக்கீல் 1839-இல் குழாயில் பார்த்ததுதான்.

ஹரியானாவின் ஜிந்துக்கும் சோனிபட்டுக்கும் நடுவில் ஓட அந்த வண்டி திட்டமிடப்பட்டது. இழுக்கும் பெட்டி இரண்டு, பயணிகள் பெட்டி எட்டு. அதற்கான ஹைட்ரஜனை ஜிந்திலேயே தண்ணீரைப் பிரித்து எடுப்பது ஏற்பாடு. ஏறக்குறைய எல்லா அகலப்பாதைகளுக்கும் மேலே மின்கம்பி போட்டு முடித்துவிட்ட ரயில்வேக்கு இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விடை மலைகளில் இருக்கிறது. கம்பி போடுவது கடினமான, போட்டால் அழகும் கெடும் பாரம்பரியப் பாதைகளுக்கென்று, வண்டிக்கு 80 கோடி ரூபாய் மதிப்பில் 35 ஹைட்ரஜன் ரயில்கள் என்று ரயில்வே ஒரு பட்டியல் போட்டது. டார்ஜிலிங், கால்கா-சிம்லா, மாதேரான் ஆகியவற்றோடு மேட்டுப்பாளையம்-ஊட்டிப் பாதையும் அதில் இருக்கிறது.